கடுஞ்சிவப்பு விரிப்பு கேட்டவர்

மூதூர் இறங்குதுறைக்குப் பக்கத்தில் படகு எஞ்சின் திருத்தும் ஸெய்னுதீன் பள்ளிவாசலுக்கு வராமல் நின்றது ஊரில் எல்லோருக்கும் தெரியும். அதன் காரணமும் தங்களுக்குத் தெரியும் என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

பள்ளிவாசலுக்குப் புது விரிப்பு வாங்குவது பற்றி ஒரு வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பிறகு கூடிப் பேசினார்கள். நிர்வாக சபைத் தலைவர் ஸஜ்ஜாத் ஹாஜியார் மூன்று படகுகளுக்குச் சொந்தக்காரர். கொழும்பிலிருந்து மாதிரித் துண்டுகள் எடுப்பித்துப் பரப்பி வைத்திருந்தார். எல்லோருடைய கையும் சந்தன நிறத் துண்டுக்கே போனது. எந்தக் கூட்டத்திலும் வாய் திறவாத ஸெய்னுதீன் அன்று எழுந்து நின்றார்.

"கடுஞ்சிவப்பு எடுங்க. சந்தன நிறம் ஊத்தையக் காட்டும்."

"ஊத்தை பட்டாக் கழுவுவம். அல்லாஹ்ட வீட்டுக்கு வெளிச்சமான நிறம்தானே அழகு?" என்றார் ஸஜ்ஜாத்.

"கழுவிப் போகாத ஊத்தையும் இருக்கு."

"நீ எஞ்சின் ஒயிலோட வந்து நிக்காட்டிச் சரி."

கூட்டம் சிரித்தது. ஸெய்னுதீன் சிரிக்கவில்லை. திரும்பவும் கடுஞ்சிவப்பு என்றார், யாரும் கேட்கவில்லை. சந்தன நிறம் வந்தது, விரித்தார்கள், பள்ளிவாசல் பளிச்சென்று ஆனது. அதன் பிறகு கொஞ்சநாளில் முதல் வரிசையில், வலப்பக்க யன்னலோரம், ஸெய்னுதீன் நிற்கும் இடத்தில் வேறு ஆள் நிற்கத் தொடங்கினார். சவூதியிலிருந்து வந்த காலம் தொட்டு அவர் விட்டுக்கொடுக்காத இடம் அது. சொல்லைக் கேட்கவில்லை என்று மனிதர் கோபித்துக்கொண்டார் என ஊர் முடிவு கட்டியது.

ஸஜ்ஜாத் ஒருநாள் கடைக்கே வந்து சமாதானம் பேசினார்.

"ஒரு காபட்டுக்காகவா மனுசன் ஜமாஅத்த விடுறது? மறுகா மவுத்தானா இந்த ஆக்கள்தானே உன்னத் தூக்கோணும்?"

"கடையில தொழுறன் ஹாஜியார்."

"கடையில ஒயில் மணக்குது."

"ஒயில் மணத்தாப் பரவாயில்ல," என்றார் ஸெய்னுதீன். பிடிவாதக்காரன் என்று அவருக்குப் பெயர் வைத்துவிட்டு ஸஜ்ஜாத் திரும்பிப் போனார். அந்தப் பெயர் ஸெய்னுதீனுக்கு வசதியாக இருந்தது. உண்மையைவிட அது எவ்வளவோ மேல்.

உண்மை இதுதான். விரிப்புக் கூட்டத்துக்கு வெகுநாள் முன்பிருந்தே அவருக்கு மலம் கழிக்கும்போது இரத்தம் போய்க்கொண்டிருந்தது. முதலில் கக்கூசுத் தண்ணீரில் மட்டும் சிவப்பைக் கண்டார். பிறகு சில நாட்களில், வேலையில் குனிந்து நிமிரும்போது கட்டியிருந்த சாரனிலும் கண்டார். எந்த நேரம் கசியும் என்று சொல்ல முடியாது. முதல் வரிசையில் சுஜூதுக்குக் குனிந்து எழும்பும்போது பின்வரிசைக்காரன் எதைக் காண்பான் என்ற நினைப்பு அவரைத் தின்றது. உடையில் இரத்தம் பட்டால் தொழுகையும் கூடாது. இருண்ட நிற விரிப்பாவது இருந்தால் ஒரு துளி விழுந்தாலும் மறைந்துவிடும் என்றுதான் அன்றைக்கு எழுந்து நின்றார்.

அது என்ன வருத்தம் என்பதில் அவருக்குச் சந்தேகமே இருக்கவில்லை. மூலம். வாப்பாவுக்கும் மூலம்தான். வாப்பாவின் மூக்கு வந்தது போல, வாப்பாவின் நரை வந்தது போல, இதுவும் வந்திருக்கிறது. வாப்பா அந்த மூலத்தோடுதான் மவுத்தானார் என்பதும் அவருக்குத் தெரியும். ஆனால் அதை ஒருநாளும் நிறுத்தி யோசித்துப் பார்த்தவரல்லர்.

மற்ற எதையும் நிறுத்தி யோசிப்பவர் அவர். இருபத்தைந்து வயதில் சவூதிக்குப் போய், தம்மாமில் ஒரு பட்டறையில் கூட்டித் துடைத்தபடியே எஞ்சின் பழகினார். யாரும் உட்கார்த்திவைத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை. கழற்றியதைப் பூட்டிப் பார்த்தும் பூட்டியதைக் கழற்றிப் பார்த்தும் படித்தார். சண்டை மூண்டு மூதூர்ச் சனம் கந்தளாய்க்கு ஓடிய ஆண்டில் அவர் வீட்டிலிருந்து தூக்கிக்கொண்டு போனது ஸ்பானர்ப் பெட்டி ஒன்றைத்தான். மனைவி றுக்கியா பிள்ளைகளைத் தூக்கினாள். திரும்பி வந்து, கூரையில்லாத கடைக்குள் மறுநாளே வேலை தொடங்கினார்.

அவருடைய கடையில் ஒரு சட்டம் உண்டு. எஞ்சினைத் துடைத்துக்கொண்டு வரக்கூடாது. ஒயில் எங்கே கசிந்து எந்த வழியாக இறங்கியது என்ற தடம் அவருக்கு வேண்டும். கீழ்ப்பெட்டியைத் திறந்து, வடியும் ஒயிலை விரலில் தொட்டு வெயிலில் பிடிப்பார். பால்போல் வெளுத்திருந்தால் சீல் விட்டு உப்புத்தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. மினுங்கும் பொடி கண்டால் பற்சக்கரம் தேய்கிறது. பழையதை ஊற்றிப்போட்டுப் புது ஒயிலோடு வந்தவனுக்கு நல்ல ஏச்சு விழும்.

"எனக்குக் காட்டாம ஆருக்கு ஒளிச்சாய்? கடலுக்கா?"

அப்படிப்பட்டவர் தன் சாரனைத் தானே கழுவத் தொடங்கினார். றுக்கியாதான் முதலில் கண்டுபிடித்தாள்.

"முப்பது வருசமா ஒரு கோப்பை கழுவாத மனுசன், கிணத்தடியில நிண்டு சாரன் கழுவுறீங்க. எனக்கு ஒளிச்சு வேற கலியாணம் கிலியாணமோ?"

"உனக்குப் பகிடி."

"பகிடி இல்ல. என்ன எண்டு சொல்லுங்க."

சொன்னார். அவளும் மூலம் என்றே நம்பினாள். உடம்புச் சூடு என்றாள். வெந்தயம் ஊறப்போட்டாள், தயிரும் இளநீரும் கொடுத்தாள், கருவாட்டையும் மாட்டிறைச்சியையும் குசினிக்குள் எடுக்கவில்லை. பாமசியில் சொல்லி ஒரு களிம்பும் வந்தது. இரத்தம் நின்றது. நின்றதும் சுகம் என்றார்கள். பிறகு வந்தது. மீன் தின்றதால் என்றார்கள், வெயிலில் நின்றதால் என்றார்கள், எஞ்சின் தூக்கியதால் என்றார்கள். ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் அகப்பட்டது. நிற்கும் ஒவ்வொரு முறையும் மருந்து பலித்ததாகவே எடுத்துக்கொண்டார்கள். வீட்டுக்குள் இருவருக்கும் நடுவில் அது ஓர் இரகசியமாகப் பழகிப்போனது.

அந்த நாட்களில்தான் சம்பூர்க் குலசிங்கம் எஞ்சினோடு வந்தான். மீன்பிடிகாரன், குடியெழும்பி அகதி முகாமில் கிடந்து, திரும்பிப் போய்த் தன் காணியில் முதல் கொட்டில் போட்ட ஆட்களில் ஒருவன். ஸெய்னுதீனிடம் தவிர வேறு யாரிடமும் எஞ்சின் கொடுக்கமாட்டான். வாய் அடங்காதவன்.

"என்ன நானா, கதிரையில டியூப் போட்டு இருக்கிறியள்? நீந்தப் போறியளோ?"

ஸெய்னுதீன் காற்றடித்த ஸ்கூட்டர் டியூப் ஒன்றின் மேல் உட்கார்ந்திருந்தார்.

"இடுப்பு நோ."

"இடுப்பு நோவுக்கு ஏன் ஓட்டை?"

ஸெய்னுதீன் எழுந்து எஞ்சினின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். இருவருமாகத் தூக்கி மரத் தாங்கியில் மாட்டுவது வழக்கம். அன்று பாதியில் அவருடைய கை விட்டது. குலசிங்கம் தனியே நெஞ்சில் ஏந்தி எஞ்சினை இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்த்தான். ஸெய்னுதீன் தூணைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். உதடு சாம்பல் பூத்திருந்தது. அவன் அவருடைய கண்ணின் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தான்.

"ரத்தமே இல்ல நானா. வெள்ளைத் தாள் மாதிரிக் கிடக்கு. எங்க போகுது?"

மறைக்கும் தென்பு அவருக்கு அப்போது இல்லை. சொன்னார்.

"எவ்வளவு காலமா?"

"போன நோன்புக்கு முந்தி."

"போன நோன்போ, அதுக்கு முதல் நோன்போ?"

ஸெய்னுதீன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். குலசிங்கத்துக்குக் கோபம் வந்துவிட்டது.

"நான் ஒருக்கா ஒயிலைத் துடைச்சுக்கொண்டு வந்ததுக்குச் சனத்துக்கு முன்னால என்ன பேச்சுப் பேசினீங்கள்? இப்ப நீங்கள் என்ன செய்யிறியள்? கசியக் கசியத் துடைக்கிறியள். எங்கயிருந்து எண்டு பாத்தனீங்களே?"

"இது மூலம்டா."

"திறந்து பாத்த ஆள் ஆர்?"

ஸெய்னுதீன் மெதுவாகப் போய் அந்த டியூபின் மேல் உட்கார்ந்தார்.

"நாளைக்குத் திருகோணமலை. நான் வந்து ஏத்துவன். வராட்டி, பள்ளிவாசல் ஸ்பீக்கரிலயே சொல்லிப்போடுவன்," என்றான்.

ஆஸ்பத்திரியில் முதலில் இரத்தம் எடுத்துச் சோதித்தார்கள், பிறகு அவருடைய இலக்கத்தைக் கூப்பிட்டார்கள். உள்ளே இருந்தது ஒரு பெண் டொக்டர். ஜெயரூபி என்று மேசையில் பெயர் இருந்தது. தன் மகளின் வயதுதான் இருக்கும். ஸெய்னுதீன் வாசலிலேயே நின்றார்.

"ஆம்புள டொக்டர் ஒராளும் இல்லையா மகள்?"

"இருக்கிறார் ஐயா. அவர் வெள்ளிக்கிழமைதான் வருவார். ரத்தம் அதுவரைக்கும் பொறுக்குமெண்டா நீங்களும் பொறுக்கலாம்."

வெளியே குலசிங்கம் வாங்குப் பலகையில் குந்தியிருந்தான். ஓடித் தப்ப ஏலாது. ஸெய்னுதீன் போய் உட்கார்ந்தார்.

அவள் கேட்ட கேள்விகள் அவர் எதிர்பார்த்தவை அல்ல. இரத்தம் என்ன நிறம், மலத்துக்கு மேலே ஒட்டியா, உள்ளே கலந்தா, பிறகு சொட்டாகவா, போகும்போது நோகுதா, காய்ச்சல் உண்டா, சளி மாதிரி ஏதும் போகிறதா, முன்பு போல ஒழுங்காகப் போகிறதா, போய் வந்த பிறகும் இன்னும் இருப்பதுபோல் தோன்றுகிறதா, சாரன் இடுப்பில் தளர்கிறதா, முதுகு நோவுக்குக் குளிசை போடுகிறாரா. எஞ்சினைக் கொண்டு வருபவனிடம் தான் கேட்கும் ஒழுங்கு அதில் இருந்தது. அதனால் அவருக்கு வெட்கம் கொஞ்சம் விலகியது. தெரிந்ததை ஒளிக்காமல் சொன்னார். பிறகு ஆண் தாதி ஒருவரை நிறுத்திக்கொண்டு, திரை மறைவில் அவள் கையுறை போட்டுச் சோதித்தாள்.

"மூலம் இருக்கு ஐயா," என்றாள் கை கழுவிக்கொண்டு.

ஸெய்னுதீனுக்கு உயிர் வந்தது. "அல்ஹம்துலில்லாஹ். அப்ப அதுதானே?"

"அதுதான் எல்லாரும் பிழை விடுற இடம். மூலம் இருக்கிற ஆளுக்கு வேற வருத்தம் வராது எண்டு சட்டம் ஒண்டும் இல்லை. மூலம் எண்டா, போன கையோட பச்சை ரத்தம் சொட்டும், அனேகமா நோகாது. வாசல் தோல் வெடிச்சிருந்தாக் கத்தியால கீறினது போல நோகும். வயித்துளைவுக் கிருமியெண்டாக் காய்ச்சல் வரும், சளியும் ரத்தமுமாப் போகும். குடல் அழற்சியிலயும் அப்பிடிப் போகும், மாசக்கணக்கா இழுக்கும். வயசான ஆக்களுக்குக் குடல் சுவரில சின்னச் சின்னப் பை விழுந்து, அது திடீரெண்டு கொட்டும். நோக் குளிசையால இரைப்பை புண்ணாகினாத் தார் மாதிரிக் கறுப்பாப் போகும்."

"எனக்கு இதில எது?"

"நீங்கள் சொன்னதில ரெண்டு விசயம் எனக்குப் பிடிக்கேல்லை. சில நாள் ரத்தம் கலந்து, கொஞ்சம் கறுத்துப் போகுது எண்டனீங்கள். போய் வந்தாலும் முடியாத மாதிரி இருக்குது எண்டனீங்கள். உங்கட ரத்தத்தின்ர அளவும் பாதிக்கு வந்திட்டுது. மூலம் மட்டும் இவ்வளவு குடிக்கிறது குறைவு. குடலுக்குள்ள முளை ஏதும் இருக்கோ, அது புற்றாக மாறியிருக்கோ எண்டு பாக்கோணும். நிறத்தை மட்டும் வைச்சு நான் ஒண்டும் சொல்லமாட்டன். கமெரா விட்டுப் பாத்தாத்தான் தெரியும்."

புற்று என்ற சொல் அறைக்குள் தனியாக நின்றது. ஸெய்னுதீன் அதைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார்.

"உங்கட குடும்பத்தில ஆருக்காவது குடலில வருத்தம் இருந்ததோ?"

"இல்ல. வாப்பாக்கு மூலம் மட்டும்தான். அதிலதான் மவுத்தானவர்."

எழுதிக்கொண்டிருந்த கை நின்றது. "எத்தனை வயசில?"

"அம்பத்திரண்டு, மூண்டு இருக்கும்."

"ஐயா," என்றாள் அவள், குரலைத் தாழ்த்தி. "மூலத்தில ஆக்கள் அப்பிடிச் சாகிறேல்லை. அவருக்கு என்ன நடந்தது எண்டு தெரிஞ்ச ஆக்கள் ஆரும் இருக்கினமோ? கேட்டுக்கொண்டு வாங்கோ. கமெராவுக்கும் திகதி போடுறன். வாறதும் வராததும் உங்கட கையில."

திரும்பி வரும் பஸ்ஸில் குலசிங்கம் அவருக்கு யன்னலோர இருக்கையைக் கொடுத்தான். கிண்ணியாப் பாலம் தாண்டியதும் ஸெய்னுதீன் எழுந்தார்.

"நீ போ. நான் ராத்தாட வீட்ட போய் வாறன்."

மூத்த சகோதரி, சித்தி பரீதா என்று பெயர், கிண்ணியாவில் கலியாணம் முடித்தவள். வாப்பா நோயாய்க் கிடந்த கடைசி வருடம் ஸெய்னுதீன் சவூதியில் இருந்தார். அடக்குமுன் மையித்தைக்கூடப் பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்தவள் அவள்தான். தேத்தண்ணி வைத்துக் கொடுத்துவிட்டு அவள் எதிரே உட்கார்ந்தாள். ஒரு சகோதரியிடம் இதை எப்படிக் கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை. கோப்பை ஆறிப்போனது.

"ராத்தா, ஒரு கதை கேக்கோணும். வெக்கக்கேடான கதை."

"கேளு தம்பி."

"வாப்பாக்கு ரத்தம் போனதே. அது எப்பிடி?"

சித்தி பரீதா முந்தானையை வாயோடு சேர்த்துப் பிடித்தாள்.

"அவர்ர சாரன் நான்தான் கழுவினது," என்றாள். "கறுப்பு ரத்தம். நாவல் பழச் சாறு மாதிரி. சளியும் கலந்திருக்கும். ஒரு நாளைக்குப் பத்துத்தரம் போவார், ஒண்டும் போகாது. போகப் போக வயிறு ஊதிட்டு, கை காலெல்லாம் குச்சியாப் போயிட்டு. பரியாரி உள்மூலம் எண்டார். அப்ப பிரச்சினைக் காலம், திருகோணமலைக்குக் கொண்டு போக ஆர் இருந்தது? உம்மா சொன்னா, ஆம்புளட மானம், வாயத் திறக்காத எண்டு. நீ கடுதாசி போட்டுக் கேட்டாய். வாப்பாக்குக் காய்ச்சல் எண்டு என்னக் கொண்டுதான் எழுதுவிச்சா."

பிறகு அவள் அவருடைய முகத்தைச் சரியாகப் பார்த்தாள். அவளுக்கு விளங்கிவிட்டது.

"யா அல்லாஹ். உனக்கா?"

அவர் தலையை ஆட்டினார். ஐம்பத்தாறு வயது மனிதர், எட்டு வயதில் அவளிடம் அழுதது போல் அழுதார். அவள் எழுந்து வந்து தலையில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"வாப்பாக்கும் வெந்தயம்தான் கரைச்சுக் குடுத்தம்," என்றாள்.

கமெரா விடும் நாளுக்கு முதல்நாள், குடல் கழுவும் மருந்தைக் கசக்கக் கசக்கக் குடித்தார். பக்கத்தில் இருந்து கோப்பை கோப்பையாக ஊற்றிக் கொடுத்தவள் றுக்கியா. பரிசோதனையில், மலக்குடலுக்கு மேல் வளைவில், ஒரு கட்டி கண்டார்கள். மூலத்திலிருந்து ஒரு சாண் உயரத்தில் அது இருந்தது. துண்டு எடுத்து அனுப்பினார்கள். புற்று என்றே வந்தது. கண்டியில் வைத்து வெட்டினார்கள். கூட வெட்டிய நிணநீர்க் கணுக்களில் ஒன்றில் புற்று எட்டிப் பார்த்திருந்ததால் ஊசி மருந்தும் ஏற்றவேண்டி வந்தது. சுகம் என்று யாரும் உறுதி கொடுக்கவில்லை. வருடக்கணக்கில் வந்து காட்டவேண்டும் என்றார்கள். வெட்டிய இடம் ஆறும்வரைக்கும் வயிற்றின் பக்கத்தில் மலம் இறங்கும் பை ஒன்று தொங்கியது.

கூடப்பிறந்தவர்களும் பிள்ளைகளும் காட்டவேண்டும் என்று ஜெயரூபி சொன்னபோது, சித்தி பரீதா முதல் ஆளாகப் போனாள். அவளுக்கு எந்த இரத்தமும் போனதில்லை. ஆனாலும் குடலில் இரண்டு சிறு முளைகள் இருந்தன. கமெரா விட்ட இடத்திலேயே அறுத்து எடுத்துவிட்டார்கள்.

பையோடு தொழலாமா என்று ஸெய்னுதீன் மௌலவியிடம் கேட்டார். நோயாளிக்கு மார்க்கத்தில் இடம் இருக்கிறது, பாங்கு சொன்ன பிறகு கைகால் கழுவி வுழூ செய்துகொண்டு வந்து நில்லுங்கள், என்றார் மௌலவி. எப்போது கேட்டிருந்தாலும் இதே பதில்தான் கிடைத்திருக்கும். வெள்ளிக்கிழமை சந்தன நிற விரிப்பில் போய் நின்றார். பழைய இடத்தில் அல்ல. கடைசி வரிசையில், வாசலோரம்.

கடையைத் திரும்பத் திறந்த வாரம், அஸர் தொழுகைக்குப் பிறகு நாலைந்து பேர் வந்து கூடினார்கள். ஸஜ்ஜாத் ஹாஜியாரின் எஞ்சின் தாங்கியில் கிடந்தது. அவரும் கதிரையில் இருந்தார். குலசிங்கம் வலைக்கயிறு திரித்தபடி வாசலில் குந்தியிருந்தான்.

"என்ன ஸெய்னுதீன், காபட் கோபம் தணிஞ்சிட்டோ?" என்று ஒருவர் கேட்டார். மற்றவர்கள் சிரித்தார்கள்.

ஸெய்னுதீன் ஸ்பானரைக் கீழே வைத்தார்.

"கோபம் ஒண்டும் இருக்கல்ல. எனக்குப் பின்னால ரத்தம் போனது. ரெண்டு வருசம் போனது. காபட்டில பட்டாத் தெரியும் எண்டுதான் கடுஞ்சிவப்புக் கேட்டன். மூலம் எண்டு நினச்சன். திருகோணமலையில ஒரு பொம்புள டொக்டர்தான் உள்ள பாக்கோணும் எண்டு சொன்னா. புற்று. எங்கட வாப்பாவும் அதிலதான் மவுத்தானார், நாங்க மூலம் எண்டு சொல்லி அடக்கினம்."

ஒருவர் தொண்டையைச் செருமினார். ஒருவர் கடலைப் பார்த்தார்.

"எல்லாருக்கும் புற்று இல்ல," என்றார் ஸெய்னுதீன். "அனேகமான ஆக்களுக்கு மூலமாத்தான் இருக்குமாம். அது மூலமெண்டு சொல்ல வேண்டிய ஆள் நாங்க இல்ல. அவ்வளவுதான் கதை."

குலசிங்கம் தலையைக் குனிந்துகொண்டு கயிறு திரித்தான். கொஞ்ச நேரத்தில் ஒவ்வொருவராக ஒரு வேலையைச் சொல்லி எழும்பிப் போனார்கள். கடைசியாகக் குலசிங்கமும் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு போனான்.

ஸெய்னுதீன் எஞ்சினின் மூடியைப் பூட்டி, கயிற்றை இழுத்துக் கிளப்பி, நிறுத்தினார்.

"சரி ஹாஜியார். கொண்டு போகலாம்."

ஸஜ்ஜாத் எழும்பவில்லை. தூக்கிப்போக வேலையாட்களைக் கூப்பிடவும் இல்லை. கதிரையின் கையைத் தடவிக்கொண்டிருந்தார். மூன்று படகுக்காரர், ஊருக்குத் தலைவர். வாசலில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டார்.

"அந்தப் பொம்புள டொக்டர்," என்றார். "அவட கிளினிக் எந்தக் கிழமை?"

ஆருக்கு என்று ஸெய்னுதீன் கேட்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"செவ்வாய்க்கிழம," என்றார். "காலம்பற பஸ்ஸில போவம். நானும் வாறன்."